முப்பத்தெட்டு வாட்

டிசம்பரில் எங்கள் கடையை
நாலு ஐம்பத்திரண்டுக்குச் சாத்திவிடுவது
நானில்லை, சூரியன்.

அதுவரை ஆயிரம் வாட்.
அதன்பின் முப்பத்தெட்டு,
சமையலறை பல்பைவிடக் குறைவு.
சட்டம் அப்படி. வடக்கு டகோட்டாவில் இருட்டியதும்
வானம் கண்ணாடியாகிவிடும்,
எங்கள் கோதுமை விலை
டெக்சாஸில் யாருடைய பாட்டுக்குள்ளோ போய் விழும்.
ஆகவே
பறக்க முடிகிற நேரம் பார்த்து
இறகைக் கத்தரிக்கச் சொல்கிறார்கள்.

ஜனங்கள் வேலை முடித்து வண்டியேறுவது ஐந்து மணிக்கு.
விளம்பரத்துக்கு அதுதான் பொன்னான நேரம்.
எட்டு நிமிஷத்தில் நழுவுகிறது பொன்.

நான் வெர்னா ஷாட்ஸ். காலையில் செய்தி வாசிப்பேன்,
பகலில் விளம்பரம் விற்பேன்,
மாதக் கடைசியில் முதலாளி ஆர்லோவோடு உட்கார்ந்து
எந்த பில்லை இன்னும் பார்க்கவில்லை என்று
சொல்லிக்கொள்ளலாம் என முடிவு செய்வேன்.
முப்பது வினாடிக்கு ஆறு டாலர்.
சவ அடக்க நிலையம் முதல் தேதியே கட்டிவிடும்;
சாவில் வாராக்கடன் கிடையாது.
டயர் கடைக்காரர் காசாகத் தரமாட்டார்.
என் காரின் நாலு சக்கரமும்
அவர் பெயரை இருநூறு முறை சொன்னதற்கு வந்தவை.
கோபுர உச்சியில் சிவப்பு விளக்கு மாற்ற
பல்புக்கு இருபது டாலர்,
ஏறுகிறவனுக்கு ஆயிரத்து இருநூறு.
ஆர்லோ கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்,
வானத்திடம் பேரம் பேசுகிறவர்போல.

எல்டன் கீஸர் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார்.
கிழக்கே இருபத்தேழு மைலில் தீவனக் கடை.
"என் பெயரை நீங்கள் சொல்வது
என் கடைக்கே கேட்காது. எதற்குக் காசு?"
பொறியாளர் வரைந்த வட்டம்
அவர் கடையைத் தாண்டித்தான் போகிறது.
ஆனால் வரைபடத்துக்குக் காது இல்லை.

அக்டோபரில் ஒரு நாள்
கார் ரேடியோவைத் திறந்துவிட்டுக் கிழக்கே ஓட்டினேன்,
பக்கத்து இருக்கையில் நோட்டும் பென்சிலும்.
ஆர்லோ பன்றி விலை வாசித்துக்கொண்டிருந்தார்.
பதினெட்டாம் மைலில் அவர் குரலில் மணல் விழுந்தது.
இருபத்திரண்டில் விலைகள் மட்டும் மிச்சம்,
பன்றிகள் போய்விட்டன.
உப்புப் பூத்த ஓடைப் படுகையில் இறங்கியதும்
பக்கத்து அறையில் இருப்பவர்போல் திரும்பி வந்தார்;
ஈர மண்ணுக்கு எங்களைப் பிடிக்கும்.
சரளை மேட்டுக்குப் பிடிக்காது.
எல்டனின் வாசலில் வெறும் பொரிச்சத்தம்.

திரும்பியிருக்கலாம்.
பெட்ரோல் எங்கள் காசு, அதனால் பிடிவாதம்.
இன்னும் மூன்று மைல் போனேன்.
மாட்டு வேலிக் கம்பி ஓரமாக
ஆர்லோ, எள்ளளவு கரகரப்பும் இல்லாமல்.
கம்பியைப் பிடித்துக்கொண்டே
மேட்டைச் சுற்றி நடந்து வந்திருக்கிறார் மனிதர்.
கொட்டகைக்குள் ஒரு பெண் கன்றுக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.
அவள் தலைக்குமேல் ஆணியில் எங்கள் நிலையம் தொங்கியது.
"கீஸர் கடையில் உப்புக்கட்டி வந்தாச்சா, தெரியுமா?" என்றாள்.

எல்டனிடம் திரும்பிப் போய்ச் சொன்னேன்:
"உங்களுக்குக் கேட்காது, நிஜம்தான்.
உங்கள் பெயரை உங்களுக்கே விற்கவா வந்தேன்?"
வெகுநேரம் தராசைப் பார்த்தார்.
பிறகு, தீவனக்காரர் அல்லவா, எடை போட்டார்:
"ஜூனில் முழு விலை.
டிசம்பரில் வெயில் பாதி, பணமும் பாதி."

இன்று நாலு ஐம்பத்திரண்டு.
பொத்தானை அமுக்கினேன்.
ஊசி இடப்பக்கம் சாய்ந்தது.
கிழக்கில் அந்தக் கொட்டகை எங்கள் ஊரிலிருந்து விழுந்தது,
ஓடை விழுந்தது, பள்ளிக்கூடத்துக்கு அப்பால் எல்லாமே.

பனியில் வீட்டுக்கு ஓட்டுகையில்
நான் பதிந்துவைத்த என் குரலே முன்னால் பேசிக்கொண்டு வந்தது.
ஒன்பதாம் மைலில் அது
"எல்டன் கீ" என்றது.
அதற்குமேல் எங்கோ தெற்கிலிருந்து
ஸ்பானியப் பாட்டு ஒன்று ஏறிக்கொண்டது.

பாதி விலைக்குப் பாதிப் பெயர்.
பாட்டை அணைக்கவில்லை.
வீடு வரும்வரை யாருக்கும் பில் இல்லை.